புள்ளி இல்லாத எழுத்துகள்

ஹாலேயில் மூன்று வகை மனிதர்கள் உண்டு என்று அந்த ஊர்க்காரர்களே வேடிக்கையாகச் சொல்வார்கள்: ஹலென்சர், ஹலோரன், ஹலுங்கன். முதலாமவர் அந்த ஊரில் பிறந்தவர். இரண்டாமவர் உப்புக் காய்ச்சும் குழுவைச் சேர்ந்தவர். மூன்றாவது சொல்லுக்கு ஜெர்மனில் போக்கிரி என்று பொருள். லைப்சிக்கிலிருந்து ரயிலேறி அரை மணி நேரத்தில் வந்து இறங்கி, நாலைந்து நாள் சுற்றிவிட்டுப் போகிற என்னைப் போன்ற ஆளை எதில் சேர்ப்பார்கள் என்று யோசித்தேன். மூன்றாவதில்தான் இடம் காலியாக இருக்கும்.

சாலே ஆற்றங்கரையில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஊர். ஜெர்மனிக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் கொலோன் கோபுரத்தையும் பெர்லின் சுவரின் மிச்சத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்; இங்கே வருவதில்லை. என்னை வரவழைத்தது பனையோலை. ஆனால் அந்த ஊரில் எதைத் தேடிப் போனாலும் முதலில் உப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

சந்தைத் திடலின் மேற்கே, பெரிய தேவாலயத்தின் பக்கத்தில் படிகள் இறங்குகின்றன. கீழே ஹால்மார்க்ட் என்ற வெட்டவெளி. ஒரு நீரூற்றுச் சிற்பம், சில பெஞ்சுகள், டிராம் வண்டியின் ஓசை. ஊரையே பிழைக்கவைத்த நான்கு உப்புக் கிணறுகள் இருந்த இடம் இதுதான். நிலத்தடியிலிருந்து ஊறிய உவர்நீரை இறைத்து, சுமந்து, அகலமான இரும்புக் கொப்பரைகளில் ஊற்றிக் காய்ச்சினார்கள். நீர் தெளிய மாட்டு ரத்தம் சேர்ப்பார்கள். அழுக்கெல்லாம் நுரையோடு திரண்டு மேலே வரும், வழித்து எறிவார்கள். அப்பழுக்கில்லாத வெள்ளை உப்பின் பின்னால் ரத்தம் இருந்தது என்பதை உவமையாக்கும் சபலம் யாருக்கும் வரும். ஹலோரன்களுக்கு அது வெறும் தொழில். வெக்கையில் வேலை செய்து பழகிய உடம்பு, ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை, நீச்சலில் பெயர், ஊர்ச் சாவுகளில் பிணம் சுமக்கும் கடமை, விழாக்களில் வெள்ளிப் பொத்தான் வைத்த நீண்ட அங்கி. புத்தாண்டுக்கு அரசரிடம் உப்பும் முட்டையும் தொத்திறைச்சியும் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. 1964இல் உப்புக் காய்ச்சும் தொழில் நின்றது. அவர்களுடைய சகோதரச் சங்கம் நிற்கவில்லை. அங்கியும் வெள்ளிக் கோப்பைகளும் இன்றும் விழாவுக்கு வெளியே வருகின்றன. அந்தப் பொத்தானின் வடிவில் ஊரின் பழைய சாக்லேட் ஆலை ஓர் உருண்டை செய்து விற்கிறது. 1804இல் தொடங்கிய ஆலை. தின்று பார்த்தேன். வரலாறு இருக்கும் அளவுக்கு ருசி இல்லை.

வேலை முடிந்த பொருள்களைத் தூக்கி எறிய மனம் வராத ஊர் இது என்ற எண்ணம் அங்கேதான் முதலில் தோன்றியது. படியேறித் தேவாலயத்துக்குள் போனதும் அது வலுத்தது.

சந்தைத் தேவாலயத்துக்கு நான்கு கோபுரங்கள். தனியாக எதிரே நிற்கும் சிவப்புக் கோபுரத்தையும் சேர்த்தால் ஐந்து. ஹாலேயின் அடையாளமே அந்த ஐந்துதான். நான்கு கோபுரங்களும் உண்மையில் இரண்டு பழைய கோயில்களுக்கு உரியவை. 1529இல் கர்தினால் ஆல்பிரெக்ட், அருகருகே இருந்த அந்த இரண்டையும் இடிக்கச் சொல்லி, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் புதிய கூடம் கட்ட ஏற்பாடு செய்தார். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையில் பங்கு பெற்றவர், ஆயிரக்கணக்கான புனித எலும்புகளையும் துணித்துண்டுகளையும் தங்கப் பேழைகளில் சேர்த்துவைத்தவர், லூத்தரின் கோபத்துக்கு நேர் இலக்கானவர். லூத்தரை எதிர்ப்பதற்கு ஒரு கம்பீரமான கோயில் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கட்டி முடியும் முன்பே, 1541இல், ஊர் லூத்தர் பக்கம் சாய்ந்தது. கர்தினால் தம் பொக்கிஷங்களை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். 1546இல் லூத்தர் ஐஸ்லேபனில் இறந்தபோது, விட்டன்பெர்க்குக்குக் கொண்டுபோகும் வழியில் உடலை ஓர் இரவு வைத்திருந்தது இதே கோயிலில்தான்.

லூத்தரின் முகத்தையும் கைகளையும் அச்செடுத்த மெழுகுப் பிரதிகள் இப்போதும் அங்கே ஒரு சிறு அறையில் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்களுக்கு அது போதவில்லை. முகத்துக்குக் கண் வைத்து, உடல் செய்து, அங்கி போட்டு, தொப்பி மாட்டி, ஆளுயரப் பொம்மையாக்கி, புத்தகத்தின் முன்னால் மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள். புனிதர் எலும்புகளை வணங்காதே என்று சொன்னவருக்கு நேர்ந்த கதி. 20ஆம் நூற்றாண்டில்தான் யாரோ கூச்சப்பட்டுப் பொம்மையைக் கலைத்தார்கள். அந்த மெழுகு முகத்தின் முன்னால் நின்றபோது எனக்குப் பக்தி வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. இறந்தவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாத மனிதர்கள்மீது ஒரு பரிவு வந்தது.

பக்கத்திலேயே ஹேன்டலுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டி. 1685இல் இந்த ஊரில் பிறந்தவர், 1703இல் ஹாம்பர்க்குக்குப் போனார், பின்பு லண்டன்காரர் ஆனார். திடலில் 1859 முதல் அவருக்குச் சிலை, ஆண்டுதோறும் இசைவிழா. விட்டுப் போனவர்களைக் கொண்டாடுவது எல்லா ஊருக்கும் பிடித்த காரியம்.

*

நான் தேடி வந்த இடம் கோட்டைச் சுவருக்கு வெளியே, கிளவ்ஹா என்ற புறநகரில் இருந்தது. 1680களின் தொடக்கத்தில் வந்த கொள்ளைநோயில் ஹாலே பாதியாகச் சுருங்கியது. கிளவ்ஹாவில் இருநூறு வீடுகளில் முப்பத்தேழு சாராயக் கடைகள் என்று சொல்வதுண்டு. அங்கே 1692இல் பாதிரியாராக வந்தார் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1695இல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் போட்டார்கள். இதை வைத்து ஒரு பள்ளி தொடங்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1698இல் அநாதை விடுதிக்கு அடிக்கல். 1727இல் அவர் இறக்கும்போது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் ஒரு தனி நகரமே அங்கே எழுந்திருந்தது: அச்சகம், புத்தகக் கடை, மருந்துச் சாலை, நூலகம், மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஆறு மாடி நெடுங்கட்டடம். மருந்து விற்ற காசு பள்ளியை நடத்தியது. மலிவு விலை பைபிள்களை அச்சிட எழுத்துகளைக் கோத்தபடியே அடுத்த பதிப்புக்கு விட்டுவைத்தார்கள். பக்தியும் வியாபார நுட்பமும் இவ்வளவு ஒழுங்காகக் கைகோத்து நடந்த இடங்கள் குறைவு.

இந்த விடுதியின் ஆதரவோடுதான் 1706இல் டென்மார்க் அரசர் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். நம் பாடப்புத்தகம் அதற்கு மேல் சொல்லும் கதை தெரிந்ததுதான்: முதல் அச்சுக்கூடம், பொறையாற்றில் காகிதம், தமிழில் புதிய ஏற்பாடு. அந்தக் கதையை மறுமுனையிலிருந்து பார்க்கும்போது வேறு விதமாக இருக்கிறது.

உதாரணத்துக்கு அந்த அச்செழுத்துகள். சீகன்பால்கு அனுப்பிய தமிழ் எழுத்து மாதிரிகளை வைத்துக்கொண்டு ஹாலேயில் எழுத்து வெட்டினார்கள், வார்த்தார்கள். வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. ‘ழ’ எங்கே வளைய வேண்டும், ‘ண’ எத்தனை சுழி என்பதெல்லாம் அவர்களுக்கு ஒலியில்லாத கோடுகள். 1713இல் அவை கப்பலில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால், எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டாது. கூட வந்திருந்த அச்சுத் தொழிலாளர்களைக் கொண்டு அங்கேயே சிறிய எழுத்துகள் வார்த்து, 1714இல் நற்செய்திகளையும் 1715இல் முழுப் புதிய ஏற்பாட்டையும் அச்சிட்டார்கள். ஒரு மொழியைக் கேட்காமல் பார்க்க மட்டும் செய்தால் அது பெரிதாகத்தான் தெரியும் போல.

எதிர்த்திசையில் ஓலைகள் போயின. சீகன்பால்கு வந்த இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார்: 119 நூல்கள். அதில் குறளும் உண்டு. அதே ஆண்டில் நீதிவெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார். அவை அச்சேறியது 1930இல், ஆம்ஸ்டர்டாமில். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த பெருநூல் இன்னும் கொஞ்சம் அதிருஷ்டம் செய்தது. 1867இல், அதுவும் சென்னையில், வெளிவந்தது. பிராங்கேக்கு அதை அச்சிடுவதில் விருப்பமில்லை. பிற மதத்தை ஒழிக்கப் போனவர் அதன் கதைகளை ஐரோப்பாவுக்குத் திருப்பி அனுப்புவது அவருக்கு வீண்வேலையாகப் பட்டிருக்கும். அவர் நிலையிலிருந்து பார்த்தால் நியாயம்தான். ஆனால் அவர் அதை எரிக்கவில்லை. அலமாரியில் வைத்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஹாலே பிடித்துப்போனது. எரிச்சலோடு பிடித்துப்போனது என்று சொல்ல வேண்டும். நேசித்ததால் காப்பாற்றினார்கள் என்றால் புரியும். வெறுத்ததால் அழித்தார்கள் என்றாலும் புரியும். இவர்கள் ஏற்காததை எண் போட்டு, பெட்டியில் வைத்து, கறையான் வராமல் பார்த்துக்கொண்டார்கள். இருநூறுக்கு மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகள் அந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாம் நேசித்த ஓலைகளை ஆற்றில் விட்டதும் அடுப்பில் வைத்ததும் உ.வே.சாமிநாதையர் எழுதித்தான் நமக்குத் தெரியும்.

காப்பது ஒன்று, படிப்பது ஒன்று. அந்த ஊரில் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1721இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் வோல்ஃப் என்ற தத்துவப் பேராசிரியர் ஓர் உரை நிகழ்த்தினார். கிறிஸ்துவை அறியாத சீனர்களும் தம் அறிவைக் கொண்டே நல்லொழுக்கத்தை எட்டியிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். பிராங்கே வட்டத்தைச் சேர்ந்த இறையியலாளர்கள் கொதித்தார்கள். விவகாரம் அரசர்வரை போய், 1723இல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பிரஷ்ய எல்லையை விட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று ஆணை வந்தது. வோல்ஃப் போய்விட்டார், 1740இல் அடுத்த அரசர் அழைத்த பிறகுதான் திரும்பினார். வோல்ஃபுக்குக் கன்பூசியஸ் கிடைத்தது ஏசுசபையினரின் லத்தீன் மொழிபெயர்ப்பில். அவரை விரட்டியவர்களுக்கோ அதே வாதத்துக்கான சான்று தரங்கம்பாடியிலிருந்து கடிதம் கடிதமாக வந்துகொண்டிருந்தது, நடந்துபோகும் தூரத்தில். வேதம் இல்லாமலே தமிழர்களிடம் இவ்வளவு நீதிநூல்கள் இருக்கின்றனவே என்று வியந்து எழுதியது அவர்கள் அனுப்பிய ஆள்தான்.

அந்தக் கடிதங்களில் ஒரு வகை என்னைத் தூங்கவிடவில்லை. 1712 முதல் 1714 வரை, சீகன்பால்கும் அவருடைய தோழர் குரூண்ட்லரும் தமிழர்களிடம் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார்கள். உங்கள் கடவுள்கள் யார், பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கிறீர்கள், மருத்துவம் எப்படி, கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள். வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்ப, அவை விடுதியின் அறிக்கைத் தொடரில் 1714இலும் 1717இலும் அச்சாயின. மொத்தம் 99 கடிதங்கள். பதில் எழுதியவர்கள் பயப்படவில்லை. மாடு தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் பார்ப்பதில்லை, உங்கள் வேதம் நல்லதாகவே இருந்தாலும் நீங்கள் அதன்படி நடப்பதாகத் தெரியவில்லையே என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள்.

தமிழ் மூலங்கள் இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கழிமுகத்தில் வாழ்ந்த ஒருவர் வெள்ளைக்காரனைப் பற்றி மனம்விட்டு என்ன சொன்னார் என்று அறிய நான் ஜெர்மன் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார்? ‘அசுத்தம்’ என்றா, ‘தீட்டு’ என்றா, ‘அருவருப்பு’ என்றா? ஜெர்மன் வாக்கியத்தைத் திருப்பித் திருப்பித் தமிழாக்கிப் பார்த்தேன். வருவதெல்லாம் என் தமிழ். அவருடையது வரவில்லை.

1714இன் கடைசியில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற இளைஞரும் கூடப் போனார். 1716இல் அநாதை விடுதி அச்சகம் சீகன்பால்கின் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் வெளியிட்டது. அந்தக் குளிரில், பனி கொட்டும் அந்த முற்றங்களில், தமிழ் உச்சரிப்பைக் காதால் கேட்க வாய்த்தவர்களுக்கு அது மலையப்பனின் குரலாகவே இருந்திருக்க வேண்டும். முகப்பில் சீகன்பால்கின் பெயர் இருக்கிறது.

எல்லாவற்றையும் வைத்துக்கொண்ட ஊர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முழு உண்மை இல்லை. கானாவிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்ட அன்டோன் வில்ஹெல்ம் ஆமோ 1727இல் இதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1729இல் அவர் இங்கே வாதிட்ட பொருள், ஐரோப்பாவில் கறுப்பின மக்களுக்கு உள்ள உரிமை. அப்படி ஒரு வாதம் நடந்தது என்ற செய்தியும் அதன் சுருக்கமும் ஒரு வாரப் பத்திரிகையில் தப்பியிருக்கின்றன. உரை ஒரு பிரதிகூட இல்லை. அலமாரிகள் நிறைந்த ஊரில் அதற்கு ஓர் அடுக்கு கிடைக்கவில்லை. எது தற்செயல், எது அலட்சியம் என்று இப்போது யார் பிரித்துச் சொல்வது?

*

இரண்டாம் உலகப் போரில் ஹாலே, மற்ற ஜெர்மன் நகரங்களோடு ஒப்பிட்டால், தப்பியது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை சூழ்ந்தபோது ஊரைத் தரைமட்டமாக்காமல் இருக்கப் பேச்சு நடத்தியவர்களில் முதல் உலகப் போரின் பழைய கடற்படைத் தளபதி ஃபெலிக்ஸ் ஃபான் லுக்னரும் ஒருவர். சில மாதங்களில் அமெரிக்கர் போய் சோவியத் படை வந்தது. பிராங்கேயின் நிறுவனத்தை 1946இல் கலைத்தார்கள். கட்டடங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய், கூரை ஒழுகி, சட்டங்கள் உளுத்து நின்றன. முகப்புக்கு எதிரிலேயே ஒரு மேம்பாலத்தையும் போட்டார்கள். அது இன்றும் இருக்கிறது. சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள் செதுக்கிய அந்த முகட்டை அண்ணாந்து பார்க்கும்போது காதில் விழுவது லாரிகளின் இரைச்சல்.

அந்தப் பாலம் போய்ச் சேர்வது ஹாலே-நோய்ஸ்டாட். பூனா, லொய்னா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய புது நகரம். உச்சக் காலத்தில் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். தெருக்களுக்குப் பெயரே கிடையாது. கட்டடத் தொகுதிகளுக்கு எண் மட்டும். பெயரைச் சுருக்கி ‘ஹா-நோய்’ என்பார்கள். உச்சரித்தால் ஹனோய் மாதிரி இருக்கும் என்ற குறும்பு. ஜெர்மனிகள் ஒன்றான பிறகு ஆலைகள் சுருங்கின, மக்கள் மேற்கே போனார்கள், தெருப்பெயர்கள் வந்தன. ஒரு மத்தியானம் அங்கே நடந்தேன். அலுப்பூட்டும் இடம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் போனேன். மரங்கள் நன்றாக வளர்ந்திருந்தன.

மறுநாள் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் நெப்ரா வான்தட்டு. முப்பத்திரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கலத் தட்டில் தங்கத்தால் பிறை, முழு வட்டம், விண்மீன்கள். ஏழு மட்டும் கார்த்திகைக் கூட்டம்போல நெருங்கி நிற்கின்றன. ஏறக்குறைய 3600 ஆண்டுகளுக்கு முன் யாரோ மண்ணில் புதைத்தது. 1999இல் கண்டெடுத்தவர்கள் உலோகம் தேடும் கருவியோடு திரிந்த புதையல் திருடர்கள். தோண்டும்போது ஓரத்தில் காயப்படுத்தினார்கள், பிறகு விற்றார்கள். 2002இல் பாசல் நகரில் காவல்துறை மடக்கி மீட்டது. இருட்டறையில் அது மட்டும் ஒளிர்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

யூதத் தொழுகைக்கூடத்துக்கும் போனேன். 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் நாள். உள்ளே ஐம்பதுக்கு மேற்பட்டோர். துப்பாக்கியோடு வந்த வெறியன் கதவைச் சுட்டான், கதவு திறக்கவில்லை. தெருவில் போன ஒரு பெண்ணையும், அருகே உணவுக்கடையில் இருந்த ஓர் இளைஞரையும் கொன்றான். குண்டு துளைத்த அந்தக் கதவைக் கழற்றி, நினைவுச் சின்னமாக அதே வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். தாங்கிய கதவை வைத்துக்கொண்டார்கள். தாங்காத இடங்களில் பூக்கள் இருந்தன.

*

கடைசி நாள் மாலை மீண்டும் பிராங்கே விடுதிக்கு வந்தேன். உச்சி மாடியில், கூரைக்குக் கீழே, அவர்களுடைய விந்தைப்பொருள் கூடம். 1730களின் கடைசியில் ஒழுங்குசெய்து ஓவியம் தீட்டிய பதினாறு அலமாரிகளில் சங்குகள், பாம்புகள், காலணிகள், எலும்புகள்; விட்டத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டச் சேர்த்தவை. எழுத்துகளுக்கென்று ஓர் அலமாரி, அதில் பனையோலை. கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பேறிய ஏடு, ஓரத்தில் கயிற்றுத் துளை.

காவலாளி, அறுபது வயது இருக்கும், பெண்மணி. நான் நெடுநேரம் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். “அப்படியானால் உங்களுக்கு இதைப் படிக்க வரும்” என்றார். குரலில் உண்மையான மகிழ்ச்சி. “என்ன எழுதியிருக்கிறது?”

குனிந்தேன். எழுத்துகள் என்னுடையவை, ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆனால் எழுத்தாணி புள்ளி வைப்பதில்லை. மெய் எது, உயிர்மெய் எது என்று தெரியவில்லை. கால் எது, ‘ர’ எது என்று புலப்படவில்லை. குறிலும் நெடிலும் ஒரே கொம்பு போட்டிருந்தன. சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. ‘தர’ என்று தொடங்கி, ‘தா’வாக இருக்குமோ என்று திரும்பி, அடுத்த எழுத்தில் முட்டி நின்றேன். ஹாலேயில் அன்று எழுத்து வெட்டியவர் இப்படித்தான் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“கொஞ்சம் நேரம் வேண்டும்” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்களாம். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எனக்கு வெளிச்சம் மறைக்காமல் ஒதுங்கி நின்றார்.